இறங்காமல் போன சனிக்கிழமைகள்

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள் ஆன்ட்டி. எனக்கு இந்த ஓரம் போதும். குழந்தைக்குக் காற்று ஆகாது, உடனே மூக்கு ஒழுகும். ஆன்ட்டி என்று கூப்பிடுவதில் உங்களுக்கு வருத்தம் இல்லையே? பழக்கம். எங்கள் கான்வென்டில் பெரியவர்கள் எல்லோரும் ஆன்ட்டிதான். ஆயாம்மாவைத் தவிர.

துறையூர் வரைக்குமா? நானும் அந்த வழிதான். ஆனால் துறையூர் இல்லை, அதற்கு முன்னால் சித்திரைப்பட்டி கைகாட்டி. டிக்கெட் கொடுக்கும்போது கண்டக்டர் என்னிடம், "நேரா துறையூருக்கே போட்டுடவாம்மா?" என்று கேட்டாரே, கவனித்தீர்களா? கிண்டல். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

பத்து மாதம் முடிந்தது. ஈவ்லின். வீட்டில் குண்டுமணி. அந்தப் பெயர் நாங்கள் வைத்தது இல்லை. அதையும் அப்புறம் சொல்கிறேன்.

வருகிற வியாழக்கிழமை நானும் இவளும் தோஹா போகிறோம். இவள் அப்பா அமலன் அங்கேதான் வேலை. இவள் பிறந்தபோது பதினைந்து நாள் வந்து பார்த்தவர், அதோடு சரி. விசா வந்த அன்று வீடு முழுக்கச் சந்தோஷம். எனக்கு மட்டும் பயம். நான் விமானத்தில் ஏறியதே இல்லை ஆன்ட்டி. தனியாக என்றால்கூடப் போய்த் தொலையலாம். இவளை மடியில் வைத்துக்கொண்டு முப்பதாயிரம் அடி உயரத்தில், நான் என்ன செய்வேன் சொல்லுங்கள்.

பயம் போக ஒரு வழி கண்டுபிடித்தேன். விமானங்கள் ஏன் விழுகின்றன என்று படிக்க ஆரம்பித்தேன். சிரிக்காதீர்கள். காரணம் தெரிந்துவிட்டால் பயம் தெளியும் என்று நினைத்தேன். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஒரு கையில் போன். விசாரணை அறிக்கைகள் எல்லாம் இங்கிலீஷில் இருக்கும், எனக்கு அதில் கஷ்டம் இல்லை. இரண்டு மாதத்தில் நாற்பது ஐம்பது விபத்து எனக்கு மனப்பாடம். எந்த வருடம், எந்த ஊர், எத்தனை பேர் என்று நீங்கள் எதைக் கேட்டாலும் சொல்வேன்.

பெரு நாட்டில் ஒன்று நடந்தது. தொண்ணூற்றாறில். விமானத்தைக் கழுவும்போது தண்ணீர் போகாமல் இருக்கச் சில சின்ன ஓட்டைகளில் டேப் ஒட்டியிருக்கிறார்கள். கழுவி முடித்துப் பிரிக்க மறந்துவிட்டார்கள். உயரமும் வேகமும் அந்த ஓட்டைகள் வழியாகத்தான் கருவிக்குத் தெரியுமாம். இருட்டில், கடலுக்கு மேல், கருவிகள் எல்லாம் பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டன. எழுபது பேர். இதில் எனக்கு ஆத்திரம் எதில் தெரியுமா? கடைசியில் தண்டனை வாங்கியவர் அந்த டேப்பை ஒட்டிய தொழிலாளி. மேற்பார்வை பார்க்க வேண்டியவர்கள் இல்லையா? புறப்படும் முன் சுற்றிப் பார்க்க வேண்டியவர் இல்லையா? இருப்பதிலேயே கீழே இருப்பவன் தலையில் கட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அமலனுக்குப் போன் போட்டு அழுதேன். "ரெனி, அந்த ஆள் உனக்கு மாமனா மச்சானா?" என்றார்.

டோல்கேட் வந்துவிட்டதா? சரி.

வீட்டில் இதையெல்லாம் காது கொடுத்துக் கேட்டவர் ஒருவர்தான். செல்லாயி அக்கா. இவள் பிறந்ததிலிருந்து எங்களோடேயே தங்கி இவளைப் பார்த்துக்கொண்டவர். குண்டுமணி என்று பெயர் வைத்ததும் அவர்தான். "ஈவுலீனாம் ஈவுலீனு. வாயில நொழையவே மாட்டேங்குது. நீ குண்டுமணிடி எனக்கு" என்பார். என் மாமியார், அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன், நான் விமானக் கதையை ஆரம்பித்தாலே செபமாலையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். செல்லாயி அக்காவோ கீரை ஆய்ந்துகொண்டே, "அப்புறம், அந்த ஏரோப்ளான் என்னாச்சு கண்ணு?" என்று கேட்பார். சினிமாக் கதை மாதிரி.

ஒருநாள் கனடா கதை சொன்னேன். எண்பத்து மூன்றில் நடந்தது. புத்தம் புது விமானம். அந்த நாட்டில் அப்போதுதான் பவுண்டு போய்க் கிலோ வந்துகொண்டிருந்தது. இவ்வளவு கிலோ எரிபொருள் வேண்டும் என்று கணக்குப் போட வேண்டிய இடத்தில் பவுண்டுக் கணக்கைப் போட்டுவிட்டார்கள். வேண்டியதில் பாதிகூட இல்லை. நடுவானில் இரண்டு இன்ஜினும் நின்றுவிட்டன. அந்தப் பைலட்டுக்கு இன்ஜின் இல்லாத விமானம் ஓட்டிய பழக்கம் இருந்ததால், சறுக்கிக்கொண்டே போய் ஒரு பழைய ஓடுபாதையில் இறக்கிவிட்டார். ஒரு உயிர்கூடப் போகவில்லை.

நான் சொல்லிவிட்டுச் சிரித்தேன். "எவ்வளவு படித்தவர்கள், இதுகூடவா பார்க்க மாட்டார்கள்?" என்றேன். செல்லாயி அக்கா சிரிக்கவில்லை. "இதுல சிரிக்க என்ன கண்ணு இருக்கு? எங்க ஊரு மரக்காலும் துறையூரு மரக்காலும் ஒண்ணாவா இருக்கும்? நெல்லு அளக்கையில மொதல்ல எந்த ஊரு மரக்கால்னுதான கேப்போம். படிச்சவங்க அதக் கேக்க மாட்டாங்களாட்டம் இருக்கு" என்றார்.

அதற்கும் நான் சிரித்தேன்.

இவளைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறீர்களா? கை மரத்துவிட்டது. உங்களிடம் நன்றாக ஒட்டிக்கொள்கிறாளே. அந்த வளையலை வாயில் வைக்க விடாதீர்கள்.

ஐந்து வாரத்துக்கு முன்னால் இவளுக்குக் காய்ச்சல். டாக்டர் காய்ச்சல் சிரப் எழுதிக் கொடுத்தார். ஐந்து மில்லி, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை. எப்போதும் கொடுப்பதுதான். கடையில் அந்த சிரப் தீர்ந்துபோயிருந்தது. "டிராப்ஸ் இருக்கு மேடம், அதே மருந்துதான்" என்று சின்னப் பாட்டில் ஒன்றைக் கொடுத்தார். எந்த விபத்துக்கும் ஒரே ஒரு காரணம் என்று கிடையாது ஆன்ட்டி. அறிக்கைகளில் அப்படித்தான் எழுதுவார்கள். நாலைந்து சின்னத் தவறுகள் ஒரே கோட்டில் வந்து நிற்க வேண்டும். கடையில் சிரப் இல்லாமல் போனது ஒன்று. அந்தப் பாட்டிலோடு வந்த சொட்டுக்குழாய் கீழே விழுந்து கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது ஒன்று. தரையில் விழுந்ததைக் குழந்தை வாயில் வைக்கலாமா? அதனால் பழைய சிரப்பின் அளவு மூடியை எடுத்துக்கொண்டது ஒன்று. நான் இரண்டு நாளாகத் தூங்காதது ஒன்று. பாட்டிலில் எழுத்து எறும்பு மாதிரி இருந்தது ஒன்று. அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தது செல்லாயி அக்கா. அதுவும் ஒன்று.

டிராப்ஸ் என்றால் மருந்து கெட்டியாக இருக்கும். சிரப்பைப் போல நாலு மடங்கு. ஐந்து மில்லி கொடுக்கும் இடத்தில் ஒன்றேகால் மில்லிதான் கொடுக்க வேண்டும். சாயங்காலம் ஐந்து மில்லி போனது. ராத்திரி ஐந்து மில்லி. காலையில் ஐந்து மில்லி. பதினைந்து மில்லி பாட்டில், மூன்றே வேளையில் காலி.

மத்தியானம் இன்னொரு பாட்டில் வாங்கப் போனேன். கடைக்காரர் என் முகத்தையே பார்த்தார். "நேத்து சாயங்காலந்தானே மேடம் வாங்கினீங்க? அது மூணு நாள் வருமே. எவ்வளவு குடுத்தீங்க?" சொன்னேன். அவர் கையில் இருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். "மேடம், வீட்டுக்குப் போகாதீங்க. பாப்பாவ எடுத்துக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஓடுங்க" என்றார். வீட்டுக்குப் போகாமல் எப்படிக் குழந்தையை எடுப்பது? அது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது நன்றாக இருக்கிறாள் ஆன்ட்டி, பயப்படாதீர்கள். பாருங்கள், உங்கள் புடவையை எப்படி இழுக்கிறாள். கல்லீரல் என்றார்கள். மூன்று நாள் டிரிப்ஸ். இவ்வளவூண்டு கையில் அட்டை வைத்துக் கட்டி, ஊசி. நாலாம் நாள் ரத்தம் பார்த்துவிட்டு டாக்டர் சிரித்தார். அன்றைக்குத்தான் நான் உட்கார்ந்தேன்.

மண்ணச்சநல்லூர். இங்கே நிறையப் பேர் ஏறுவார்கள். பையை மடியில் வைத்துக்கொள்கிறேன்.

முதல் நாள் அட்மிஷனில் டாக்டர் கேட்டார். சின்ன வயதுப் பெண்தான், கோபக்காரி. "மருந்து யாரும்மா குடுத்தது?" அத்தை என் பக்கத்தில் நின்றிருந்தார். எங்கள் ஸ்கூலில் சிஸ்டர் வந்து "யார்?" என்று கேட்டால் உடனே ஒரு பெயர் வந்துவிட வேண்டும். வராவிட்டால் வகுப்பு முழுவதும் வெயிலில் முட்டி போட வேண்டும். பத்து வருடப் பழக்கம். யார் என்றால் ஒரு பெயர்.

"வீட்டில் வேலை செய்கிற அம்மா கொடுத்துவிட்டார்கள் டாக்டர். அவர்களுக்குப் படிக்கத் தெரியாது."

நான்தான் சொன்னேன். அதுவும் நல்ல இங்கிலீஷில் சொன்னேன்.

டாக்டர் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. அப்படியே எழுதிக்கொண்டார். அத்தையும் ஒரு கேள்வி கேட்கவில்லை. போனில் அமலனும் கேட்கவில்லை. நான் ஒரே ஒரு தடவைதான் பொய் சொன்னேன் ஆன்ட்டி, மற்றவர்கள் எல்லோரும் அதைத் தாங்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். யாராவது ஒருவர், "ரெனி, நீ பக்கத்தில் இல்லையா?" என்று கேட்டிருந்தால் நான் உடைந்திருப்பேன். யாருமே கேட்கவில்லை. அவ்வளவு சுலபமாக நம்பிவிட்டார்கள்.

கொடுத்தது நான்தான். புரிந்திருக்கும் உங்களுக்கு. மூன்று வேளையும் நான்.

இதுவரைக்கும் சொன்னதைப் போன சனிக்கிழமையும் ஒருவரிடம் சொன்னேன், பெரம்பலூர்க்காரப் பெண், கைக்குழந்தைக்காரி. அவளிடம் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் ஒன்றும் பேசாமல் கேட்பதால் சொல்கிறேன்.

ஸ்பெயின் தீவு ஒன்றில் இரண்டு பெரிய விமானங்கள் ஓடுபாதையில் மோதிக்கொண்டன. எழுபத்தேழில். பனிமூட்டம். ஐநூற்று எண்பத்து மூன்று பேர். ஒரு விமானம் இன்னும் பாதையில் இருக்கும்போதே இன்னொன்றின் கேப்டன் கிளம்பிவிட்டார். அவர் சாதாரண ஆள் இல்லை, பெரிய அனுபவசாலி. பின்னால் உட்கார்ந்திருந்த இன்ஜினியர் ஒருவர்தான் கேட்டார், "அந்த விமானம் இன்னும் விலகவில்லையோ?" என்று. கேப்டன், "விலகியாயிற்று" என்று அழுத்திச் சொல்லிவிட்டார். இன்ஜினியர் அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் நான் மூடியில் ஊற்றும்போது செல்லாயி அக்கா இவளை மடியில் வைத்திருந்தார். பாட்டிலைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார். "ஏங் கண்ணு, இது புதுப் பாட்டிலாச்சே. அந்தப் பழைய மரக்காலால இத அளக்கலாமா?" என்று கேட்டார்.

கேட்டார் ஆன்ட்டி. என் கனடா விமானத்தை எனக்கே திருப்பிச் சொன்னார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்குத் தெரியும்க்கா. இங்கிலீஷில் எழுதியிருக்கிறது" என்றேன். எழுதித்தான் இருந்தது. நான் படிக்கவில்லை.

அவர் இவள் வாயைத் துடைத்துவிட்டார்.

தண்ணீர் இருக்கிறது, வேண்டாம், நன்றி.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தை அவரைப் பிடித்து, "பச்ச மண்ண கொல்லப் பாத்தியே, ஒனக்கு என்ன பாவம்டி செஞ்சோம்?" என்று கத்தினார். செல்லாயி அக்கா, "நானா?" என்றார். திரும்பி என்னைப் பார்த்தார். நான் டிரிப்ஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு, எட்டு, ஒன்பது. பத்தாவது சொட்டு விழும் முன்னால் அவர் சொன்னார், "ஆமாங்கம்மா. நாந்தான் குடுத்துட்டேன். எழுத்துத் தெரியாதவதானே" என்று.

எனக்கு ஒரே ஆச்சரியம். எல்லோரும் அடித்துச் சொன்னதில் அவருக்கே குழம்பிவிட்டது போல. தானே கொடுத்ததாக நினைத்துக்கொண்டுவிட்டார். பாவம், வயதாகிறது.

குழந்தை வீட்டுக்கு வந்த அன்று தன் துணிப்பையை எடுக்க வந்தார். இவள் அவரைப் பார்த்ததும் என் இடுப்பிலிருந்து பாய்ந்தாள். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஒரே கத்தல். அத்தை, "தொடாத" என்றார். ஒரே ஒரு சொல். செல்லாயி அக்கா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். அப்படியே குனிந்து இவள் முகத்தைப் பார்த்தார். அப்படியே படி இறங்கிப் போனார். தெருமுனை வரைக்கும் கையைப் பின்னாலேயே கட்டிக்கொண்டு போனார், பை தோளில்.

இவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பாவசங்கீர்த்தனம் செய்தேனே. கோயிலில் சாமியாரிடம், "பொய் சொன்னேன் சாமி" என்றேன். மூன்று மங்கள வார்த்தை செபம் சொல்லச் சொன்னார், ஐந்தாகச் சொன்னேன். என்ன பொய் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நியூயார்க்கில் ஒரு விமானம் இப்படித்தான் விழுந்தது. தொண்ணூறில். மோசமான வானிலை, இறங்க இடமில்லை, மேலேயே சுற்றச் சொன்னார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றினார்கள். பைலட்டுக்கு உதவியாக இருந்தவர், "எரிபொருள் குறைகிறது" என்று கீழே சொன்னார். ஆனால் சொல்ல வேண்டிய அந்த ஒரு சொல்லை, அவசரம், ஆபத்து என்ற சொல்லை அவர் சொல்லவே இல்லை. மரியாதையாகச் சொன்னார். கீழே இருப்பவர்களுக்கு அது எல்லோரும் சொல்வதாகத்தான் கேட்டது. கடைசியில் ஒரு சொட்டு இல்லாமல் மலைச்சரிவில் விழுந்தது.

அதனால்தான் செல்லாயி அக்கா ஊருக்கே நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். அத்தையிடம் புறத்தாக்குடி கோயிலுக்கு நேர்ச்சை என்று சொல்லியிருக்கிறேன். ஆமாம், அதுவும் பொய்தான். இது மூன்றாவது சனிக்கிழமை. முதல் தடவை கைகாட்டி வந்தது, மழை தூறியது, குழந்தை நனையும் என்று இறங்கவில்லை. போன தடவை இவள் தூங்கிக்கொண்டிருந்தாள். விமானத்திலும் அப்படி உண்டு ஆன்ட்டி. இறங்கும்போது எல்லாம் சரியாக அமையவில்லை என்றால் பிடிவாதம் பிடிக்கக் கூடாது. மேலே தூக்கி, ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி வர வேண்டும். அதுதான் பாதுகாப்பு. துறையூர் போய், ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திருச்சிக்குத் திரும்பினேன்.

என்ன கேட்டீர்கள்? எவ்வளவு நேரம் சுற்றலாம் என்றா?

எரிபொருள் இருக்கும் வரைக்கும்.

வியாழக்கிழமை டிக்கெட் ஆன்ட்டி. அடுத்த சனிக்கிழமை நான் இங்கே இருக்க மாட்டேன்.

இல்லை, இப்போது நீங்கள் சொன்னது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. பஸ் சத்தம். என்ன, அவர் குழம்பவில்லையா? பின்னே எதற்காக, நான்தான் கொடுத்தேன் என்று ஒருத்தி தானாகச் சொல்வாள்? அத்தையிடமிருந்து என்னை... இல்லை. இல்லை ஆன்ட்டி. என்னைக் காப்பாற்ற அவருக்கு என்ன அவசியம்? அவர் என்னைப் பார்த்தார், நான் சொட்டு எண்ணிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

அவர் என்னைப் பார்த்தார்.

புலிவலம் எப்போது போனது? நான் பார்க்கவே இல்லையே. அடுத்தது கைகாட்டி. இன்றைக்கு வெயில் அதிகமாக இருக்கிறது, இல்லையா? குழந்தையை வைத்துக்கொண்டு அங்கிருந்து ஊருக்குள் ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்கிறார்கள். நான் ஒன்று செய்கிறேன், ஒரு லெட்டர் எழுதிவிடுகிறேன். தோஹாவிலிருந்து. விவரமாக எழுதலாம். ஆமாம், அவருக்குப் படிக்கத் தெரியாதுதான். யாராவது படித்துக் காட்டுவார்கள்.

கண்டக்டர் எதற்கு என்னிடம் வருகிறார்?

"யம்மா, பாப்பாம்மா! கைகாட்டி வந்துருச்சு. இன்னிக்கி நீங்க எறங்கித்தான் ஆவணும், ஒங்களுக்கு ஆளு வந்து நிக்கிது. ரெண்டு சனிக்கிழமையா ஒரு பொண்ணு கைக்கொழந்தையோட வருது, கைகாட்டிக்குச் சீட்டு வாங்குது, எறங்காமப் போவுதுன்னு டீக்கடையில சும்மாத்தான் சொன்னேன். அங்க நின்ன அந்தம்மா, கொழந்தை குண்டா இருக்குமா, வலது காதுல மச்சம் இருக்குமான்னு கேட்டுச்சு. காலையிலேர்ந்து ஒவ்வொரு பஸ்ஸா ஏறி எறங்கிப் பாத்துக்கிட்டு இருக்குதாம்."

ஆன்ட்டி, கொஞ்சம் முன்னால் சாயுங்கள். செல்லாயி அக்கா என்னைப் பார்க்கக் கூடாது. கண்டக்டர், விசில் அடியுங்கள், நான் துறையூருக்கு வாங்கிக்கொள்கிறேன். ஆன்ட்டி, எதற்கு எழுந்திருக்கிறீர்கள்? உங்கள் ஊர் துறையூர்தானே? குழந்தையை எங்கே தூக்கிக்கொண்டு போகிறீர்கள்?

இருங்கள். இருங்கள், இறங்காதீர்கள். நானே வருகிறேன்.

அதோ பாருங்கள். இவள் பாய்கிறாள், அவர் வாங்கவில்லை. கையைப் பின்னால்தான் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

குழந்தையை என்னிடம் கொடுங்கள் ஆன்ட்டி. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவர் அந்தக் கையை எடுக்க மாட்டார்.